சூரியன் எந்தக் கோளை எவ்வளவு இழுக்கிறது? கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்போம்

ஒரு தாள், ஒரு பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர். இது போதும்.

படி 1: தூரம். கிலோமீட்டரில் எழுதினால் சைபர் எண்ணியே கண் பூத்துவிடும். சூரியனிலிருந்து பூமி சுமார் 15 கோடி கி.மீ. அதை 1 என்று வைத்துக்கொள்வோம். வானியல் அலகு என்பது இதுதான். அந்தக் கணக்கில் புதன் 0.39, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, நெப்டியூன் 30. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: இழுவிசை. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட விதிப்படி, தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆக, தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையால் 1-ஐ வகுக்க வேண்டும்.

வியாழனுக்குப் போடுவோம். 5.2 × 5.2 = 27.04. 1 ÷ 27.04 = 0.037. அதாவது, பூமியின் ஒவ்வொரு கிலோவையும் சூரியன் இழுப்பதில் 27-ல் ஒரு பங்குதான் வியாழனின் ஒரு கிலோவுக்குக் கிடைக்கிறது. நெப்டியூனுக்கு 900-ல் ஒரு பங்கு. புதனுக்கு 6.6 மடங்கு. செவ்வாயை நீங்களே போடுங்கள், 0.43 வந்தால் சரி.

படி 3: நிறை. பலரும் சறுக்குவது இங்கேதான், நான் உட்பட. மேலே வந்ததெல்லாம் ஒரு கிலோவுக்கான கணக்கு. கோள் முழுவதற்குமான விசை வேண்டுமென்றால் நிறையால் பெருக்க வேண்டும். வியாழனின் நிறை பூமியைப்போல் 318 மடங்கு. 318 × 0.037, கிட்டத்தட்ட 12. அவ்வளவு தள்ளியிருந்தும் பூமியைவிட 12 மடங்கு விசையோடு இழுபடுகிறது வியாழன். புதன் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நிறை பூமியில் 0.055 பங்கு. 0.055 × 6.6 = 0.36. பூமிக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

அப்போ எந்த எண் முக்கியம்? சுற்றும் வேகத்துக்கு ஒரு கிலோ கணக்குதான். கனமான கோளுக்கு விசை அதிகம், அதன் பாதையை வளைக்கத் தேவைப்படும் விசையும் அதே அளவு அதிகம். நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். புதன் நொடிக்கு 47 கி.மீ., பூமி 30, நெப்டியூன் வெறும் 5.4.

படி 4: நீள்வட்டம். புதனுக்கு நாம் போட்ட 0.39 சராசரிதான். அது சூரியனை 4.6 கோடி கி.மீ. வரை நெருங்கி, 7 கோடி கி.மீ. வரை விலகும். 7 ÷ 4.6 = 1.52 (செவ்வாய்க்கு வந்த அதே எண், தற்செயல்தான்). 1.52 × 1.52 = 2.3. ஒரே கோள்மீது, 88 நாள் சுற்றுக்குள், ஈர்ப்பு 2.3 மடங்கு ஏறி இறங்குகிறது. கூடவே வேகமும் நொடிக்கு 39 கி.மீ.க்கும் 59 கி.மீ.க்கும் இடையே ஊசலாடுகிறது.