மூலிகையில் புற்றுநோய் மருந்து தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசலில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் நித்யகல்யாணியை 1950களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்குத்தான் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தைப் பிடித்துப் போனதில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆகவே மூலிகையில் தேடுவது வீண் வேலை இல்லை. சோதிக்கும் விதத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

முதல் கோளாறு செடியிலேயே ஆரம்பிக்கும். நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி என்று வாங்கும் பொட்டலத்தில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருக்கலாம். காய்ந்து நொறுங்கிய பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. பூவும் காயுமாக இருக்கும்போது நீங்களே பறித்து, தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டி, ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, உலர்ந்த செடி மாதிரிகளைச் சேமித்துவைக்கும் ஹெர்பேரியத்தில் எண் வாங்கி வையுங்கள். பறித்த இடத்தையும் மாதத்தையும் குறித்துவையுங்கள். அப்புறம், மரபில் கஷாயமாகக் கொடுப்பதை நீங்கள் மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் அது வேறு சரக்கு. செய்யலாம், தப்பில்லை, ஆனால் அந்த முடிவைக் கஷாயத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அதிகம் ஏமாற்றுவது எம்டிடி சோதனை. உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் நிறச் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்திருக்கிறது என்று கணக்கு. ஒரு மாணவி கடுக்காய்ச் சாறு வைத்துப் பார்த்தபோது, சாறு கூடக் கூட ஊதாவும் கூடிக்கொண்டே போனது. "செல் வளருது சார்" என்று முகம் வாடி வந்து நின்றாள். செல் வளர்க்கும் தட்டில் செல்லே இல்லாத குழிகளில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் விடச் சொன்னேன். அவையும் ஊதாவாகிவிட்டன. கடுக்காய், நெல்லிக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகளில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்களே அந்த வேலையைச் செய்துவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், வளருவதாக நினைத்த செல்கள் உருண்டு திரண்டு மிதந்துகொண்டிருந்தன. எனவே செல் இல்லாத குழிகள் கட்டாயம் வேண்டும். எம்டிடி விடும் முன் சாற்றைக் கழுவிவிடுங்கள். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரைபான் புளூ சாயம் போல இன்னொரு முறையிலும் சரிபாருங்கள்.

மஞ்சளில் இன்னும் கவனம் தேவை. அதில் உள்ள குர்குமினுக்குச் சொந்த நிறமும் ஒளிர்வும் உண்டு, கண்ட புரதத்திலும் ஒட்டும், உடலில் சீக்கிரம் சிதைந்துபோகும். அதன் நல்ல முடிவுகளை அப்படியே நம்ப வேண்டாம் என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாகவே எச்சரித்தார்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். உப்புக் கரைசலைக் கெட்டியாக ஊற்றினாலும் புற்றுநோய் செல் சாகும். மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் சாறு ஊற்றி பாதி செல்லைக் கொன்றுவிட்டு "சிறந்த செயல்திறன்" என்று எழுதுவது சரியில்லை. பிரித்தெடுக்காத கச்சாச் சாறு என்றால் 20 மைக்ரோகிராமுக்குள் பாதி செல் சாக வேண்டும் என்பதுதான் பலரும் வைத்திருக்கும் அளவுகோல். கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓவை மட்டும் விட்ட குழிகளும், நலமான செல்களும் பக்கத்தில் இருக்கட்டும். நலமான செல்லும் அதே அளவில் செத்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் நஞ்சு. செல்வரிசையின், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே வகைச் செல்களின், அடையாளத்தையும் டிஎன்ஏ சோதனையில் உறுதிசெய்யுங்கள். 1951இல் ஒரு பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் எத்தனையோ ஆய்வகங்களில் மற்ற செல்வரிசைகளுக்குள் புகுந்திருக்கின்றன.

பாரம்பரியமாகப் பயன்படுவதால் ஆபத்தில்லை என்று நச்சுச் சோதனையைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ஆடுதீண்டாப்பாளையின் பேரினச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்கும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகைக் கலவையில் அது சேர்ந்துவிட்டதால் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள்.

கடைசியாகத் தலைப்பு. "புற்றுநோயைக் குணப்படுத்தும் மூலிகை" என்று போடாதீர்கள். எந்தச் செல்வரிசையில், எந்த அளவில் என்று போடுங்கள். அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு, அம்மாவுக்குக் கீமோவை நிறுத்திவிடலாமா என்று ஒருவர் என்னிடம் போனில் கேட்டார். நிறுத்தவே கூடாது, இதுவரை கொடுத்த கஷாயத்தின் பெயரையும் டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள் என்றேன்.