பழைய 50 காசும் ஒரு சீட்டுக்கட்டும்: பார்ப்பவர் மனசைத் தொடும் மேசை மேஜிக்

காசை மறைப்பதும் சீட்டைக் கண்டுபிடிப்பதும் யூடியூப் பார்த்துக் கை பழகினால் யாருக்கும் வந்துவிடும். பார்ப்பவர் “எப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்பார். இரண்டு நிமிடத்தில் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் கெட்டிக்காரர் என்று காட்டினீர்கள், சரி. அதில் அவருக்கு என்ன இருக்கிறது?

இங்கே ஒரு காசு வித்தை, ஒரு சீட்டு வித்தை. இரண்டும் ஆரம்ப நிலைதான். இரண்டுமே முடிவது பார்ப்பவர் கையில். கதையும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

காசைத் தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டுக் காணொளிகளில் அமெரிக்க அரை டாலரை வைத்துக் காட்டுவார்கள். 30.6 மில்லிமீட்டர் அகலம், உள்ளங்கையில் நன்றாக உட்காரும். அதைத் தேடி அலைய வேண்டாம். நம் மலேசியாவில் 2012-இல் வந்த மஞ்சள் நிற 50 காசு 22.65 மில்லிமீட்டர். அதற்கு முந்திய வெள்ளை 50 காசு, பின்பக்கம் வாவ் என்னும் மலாய்ப் பட்டம் போட்டது, 27.75 மில்லிமீட்டர். இந்தப் பழைய காசு இன்னும் செல்லும், ஆனால் கையில் கிடைப்பது குறைவு. நமக்கு இரண்டும் வேண்டும். மஞ்சள் காசு பார்ப்பவரின் மூடிய கைக்குள் வாவ் காசாக மாறப் போகிறது.

வாவ் காசு 1989-இல் வந்தது. அதனால் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் அது சிறுவயதுக் காசு. ஐம்பது, அறுபதைத் தாண்டியவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் 1967-இல் தொடங்கிய வரிசையின் 50 காசை எடுங்கள், நாடாளுமன்றக் கட்டடம் போட்டது. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டிமார்களுக்கு நான் 50 காசையே விட்டுவிட்டு, 1989 வரிசையின் பத்துக் காசைக் காட்டுவதும் உண்டு. அதில் இருப்பது சொங்காக், நம் பல்லாங்குழி மாதிரி. அதைக் காட்டினால் வித்தையே வேண்டாம், பேச்சு தானாக ஓடும்.

கை வேலை

இந்த மாற்றத்துக்கு மேஜிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘போபோ ஸ்விட்ச்’. அமெரிக்கக் காசு வித்தைக்காரர் ஜே.பி. போபோவின் பெயரால் வந்தது. வழக்கமாக வலது கையிலிருந்து இடது கைக்குக் காசைப் போட்டு, இடது கையால் பார்ப்பவரிடம் கொடுக்கச் சொல்லித் தருவார்கள். அதை அப்படியே நம் ஆட்களிடம் செய்யாதீர்கள். பினாங்கில் தமிழரோ மலாய்க்காரரோ, பெரியவர் ஒருவரிடம் இடது கையால் காசு நீட்டினால் அந்த முகச்சுளிப்பு போகவே போகாது. அதற்கப்புறம் நீங்கள் யானையையே வரவழைத்தாலும் பலனில்லை. ஆகவே எல்லாவற்றையும் திருப்பிப் பழகுங்கள். ஒளிப்பது இடது கை, கொடுப்பது வலது கை.

வாவ் காசை இடது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் அடியில் வைத்து விரல்களை லேசாக மடக்குங்கள். இறுக்கக் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது விரல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தால் போதும். அதே கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியில் மஞ்சள் காசு தெரியட்டும்.

இப்போது இடது கையிலிருந்து வலது உள்ளங்கைக்குக் காசைப் போடுகிற மாதிரி அசைவு. போகிற வேளையில் கட்டைவிரல் மஞ்சள் காசை உள்ளே இழுத்துக்கொள்ளும், கீழ் விரல்கள் விரிந்து வாவ் காசை விடும். வலது கை உடனே மூடிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிறம் வேறு. மூடிய வலது கையைப் பார்ப்பவரின் உள்ளங்கைமேல் கவிழ்த்து, காசை விட்டு, “மூடிக்குங்க” என்று சொல்லுங்கள். இடது கை போய் உங்கள் தே தாரிக் தேநீர்க் கிளாஸை எடுக்கட்டும்.

முதலில் நிஜமாகவே போட்டுப் பாருங்கள். பத்து முறை நிஜமாக, ஒரு முறை பொய்யாக. இரண்டும் கண்ணாடியில் ஒன்றுபோல் தெரியும்வரை வெளியே காட்ட வேண்டாம். இன்னொன்று, மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, அங்கே இருக்கும் எவர்சில்வர் மேசை பொல்லாதது. காசு லேசாக உரசினாலே ‘டிங்’ என்று காட்டிக்கொடுக்கும். கையை மேசைக்கு மேலே வைத்தே வேலை பாருங்கள்.

கேள்வி எங்கே வருகிறது

பலரும் தவறவிடும் இடம் இதுதான். காசு அவர் கைக்குள் போனதும் அவசரமாகத் திறக்கச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம். வேலை முடிந்துவிட்டது, இனி உங்களுக்கு எந்தப் பயமும் இல்லை. ஆறுதலாகக் கேளுங்கள்: “ஸ்கூல்ல படிக்கறப்போ அம்பது காசு கெடச்சா என்னக்கா வாங்குவீங்க?”

பினாங்கு குயின் ஸ்திரீட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், மகளோடு வந்திருந்த ஓர் அக்காவிடம் இதைக் கேட்டேன். கையை மூடிக்கொண்டே சிரித்தார். “அம்பது காசா? அப்பா சம்பள நாள்ல மட்டுந்தான் தம்பி. மத்த நாள்ல இருவது காசு.” அப்புறம் தோட்டத்துக்கு சைக்கிளில் கச்சாங் பூத்தே (கடலை வகைகள்) விற்க வருபவர், காகிதப் பொட்டலம், தம்பிக்குப் பாதி கொடுக்காமல் தின்றது என்று வந்துகொண்டே இருந்தது. மகள் இதையெல்லாம் கேட்டதே இல்லை போல, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நிறுத்திய பிறகுதான் “இப்ப தெறந்து பாருங்கக்கா” என்றேன். காசைத் திருப்பி வாவ் பக்கத்தை மகளிடம் காட்டினார். எப்படிச் செய்தேன் என்று இருவருமே கேட்கவில்லை.

சிலர் திறப்பதற்கு முன்பே “பெருசா இருக்கே!” என்பார்கள். பதறாதீர்கள். “அப்படியா? முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணால் பார்ப்பதற்குள் விரல் கண்டுபிடித்துவிட்டது, அதைவிட நல்ல தருணத்தை நீங்களாக உண்டாக்க முடியாது.

உங்கள் பாட்டி இறக்கும்போது இந்தக் காசைக் கையில் கொடுத்தார் என்பது மாதிரி கட்டுக்கதை மட்டும் வேண்டாம். நிஜமாக நடந்திருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் குரலிலேயே தெரிந்துவிடும். அவர்கள் வீட்டில் யார் இறந்தார்கள் என்று நோண்டுவதும் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வித்தையை நிறுத்த வேண்டி வந்தாலும் சரி.

சீட்டு வித்தை

கட்டில் ஜோக்கரை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். கலைத்து முடிக்கும்போது அடிச் சீட்டைச் சட்டென்று பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்பேட் 7 என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் ஒரு சீட்டை எடுத்து, தனக்கு வேண்டிய ஒருவரின் பெயரைத் தமிழிலேயே மார்க்கரால் அதன் முகத்தில் எழுதட்டும். நீங்கள் பார்க்கக் கூடாது. மை காய்ந்ததும் அதைக் கட்டின் மேலே கவிழ்த்து வைத்து, அவரே கட்டை வெட்டி, கீழ்ப்பாதியைத் தூக்கி மேலே போடட்டும். இப்போது ஸ்பேட் 7 அவர் சீட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

“அட, ஜோக்கரை எடுக்கலையே” என்று முகங்கள் உங்களை நோக்கியிருக்க விரியுங்கள். ஸ்பேட் 7-க்குச் சற்று முன்னால் கண்ணில் படுகிற சீட்டுதான் அவருடையது. பெயர் எழுதியிருப்பதால் தவற வாய்ப்பில்லை, ஆனால் அங்கே பார்வை நின்றுவிடக் கூடாது. ஜோக்கரை உருவி மேசையில் போடுங்கள். பிறகு அவர் சீட்டுவரை, அதையும் சேர்த்து, பிரித்து எடுத்து மற்றச் சீட்டுகளுக்குப் பின்னால் வையுங்கள். கட்டைக் கவிழ்த்தால் அவர் சீட்டு உச்சியில் இருக்கும்.

கட்டை அவர் முன்னால் வைத்து, அதன்மேல் அவரையே கை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் சாய்ந்து உட்காருங்கள். “அவங்களைக் கடைசியா எங்க பாத்தீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி. பதிலை வெளியே சொல்ல வேண்டியதில்லை. பிறகு மேல் சீட்டை அவரே திருப்பட்டும்.

இங்கே வேகம் எதிரி. அர்ஜெண்டினாவின் ரெனே லவாண்ட் ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். இடது கை ஒன்றால் சீட்டு வித்தை செய்து, கதை சொல்லி, இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்று சொல்லியே அரங்கைக் கட்டிப்போட்டவர். அவருடைய காணொளிகளை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். கையைவிட அவர் எத்தனை முறை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார் என்பது தெரியும்.

சில எச்சரிக்கைகள்

தொட்டுக் கையை மூடிவிடாதீர்கள், வாயால் சொல்லுங்கள். முஸ்லிம் பெண்களிடம் காசை உள்ளங்கையில் வைப்பதுகூட வேண்டாம், குட்டித் தட்டில் போட்டு மேலே ஒரு கோப்பையைக் கவிழ்க்கச் சொல்லலாம். சீட்டுக்கட்டைப் பார்த்தாலே சூதாட்டம் என்று நினைக்கிற வீடுகள் எல்லா இனத்திலும் உண்டு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனால் முதலில் காசை எடுங்கள், சீட்டை வீட்டுக்காரர் கேட்டால் மட்டும். கோயில் வளாகத்தில் இரண்டுமே வேண்டாம். “மந்திரமா தம்பி?” என்று யாராவது பயந்தால், கைப்பழக்கம்தான் என்று உடனே சொல்லிவிடுங்கள். விளையாட்டுக்குக்கூட போமோ (மலாய் மந்திரவாதி) வேஷம் கட்டாதீர்கள்.

“இன்னொரு தடவை” என்று கேட்பார்கள். அதே வித்தையைத் திரும்பச் செய்யாதீர்கள், கட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பெயர் எழுதிய சீட்டு அவர்களுக்கே. வாவ் காசையும் பலர் வைத்துக்கொள்ளலாமா என்பார்கள், கொடுத்துவிடுங்கள். அதற்குத்தான் தெரிந்த மளிகைக் கடை, நாசி லெமாக் கடைகளில் பழைய காசு வந்தால் எடுத்துவைக்கச் சொல்லி, பதிலுக்குப் புதுக் காசு கொடுத்து வாங்கிவைக்க வேண்டும். ஒரு நல்ல விருந்துக்கு நாலைந்து போய்விடும்.