ஒரு மூச்சுக்கு ஒரு தேக்கரண்டி

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவையான காற்று 4 முதல் 6 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி அளவு. மூச்சு கொடுக்க நாம் கையால் அழுத்தும் ஆம்பு பையோ, பச்சிளம் குழந்தைக்கென்றே செய்த சிறிய பையாக இருந்தாலும், சுமார் 240 மில்லிலிட்டர் கொள்ளும். தர்மபுரியில் எங்கள் பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் புதுச் செவிலியர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். வென்டிலேட்டரின் பொத்தான்களை அடுத்த வாரம் கற்றுக்கொள்ளலாம்.

குழந்தை அழவில்லை என்றால் பையைப் பிடித்த கை தானாக இறுகும். பக்கத்தில் நிற்பவர்களும் “நன்றாக அழுத்து” என்பார்கள். நுரையீரல் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மார்பு லேசாக எழுந்தால் போதும். விம்மி எழுந்தால் அது அதிகம். 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், குறைமாத ஆட்டுக்குட்டிகளுக்குப் பிறந்தவுடன் ஆறே ஆறு பெரிய மூச்சுகள் கொடுத்தார்கள். பிறகு, நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் மருந்து கொடுத்தும் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆறு அழுத்தலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் கையிலேயே எண்ணிப் பாருங்கள்.

அழுத்துவதில் மட்டுமல்ல, விடுவதிலும் தவறு உண்டு. ஈரமான பாலிதீன் பையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்று முழுதும் வெளியேறினால் குறைமாத நுரையீரலின் காற்றறைகளும் அப்படித்தான் ஒட்டும். ஒவ்வொரு மூச்சிலும் அவற்றைப் பிரித்துத் திறந்தால் புண்ணாகும். ஒட்டாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் குறைமாதக் குழந்தைகளிடம் போதுமான அளவு இருக்காது. அதனால் மூச்சை விட்ட பிறகும் 5, 6 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் உள்ளே நிற்க வேண்டும். வெறும் ஆம்பு பை இதைத் தராது. இந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் பீப் வால்வு பொருத்த வேண்டும், அல்லது அளவான அழுத்தத்தில் மூச்சு கொடுக்கும் டி-பீஸ் கருவி வேண்டும். தானாக மூச்சு விடும் குழந்தைக்கு மூக்கு வழியே தொடர்ந்து அழுத்தக் காற்று தரும் சிபாப் பல நேரம் போதும். மூச்சுக்குழலுக்குள் குழாய் போடத் தெரியும் என்பதற்காகவே குழாய் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதையில் இறங்கி வந்த ஒரு குழந்தைக்கு இடது மார்பில் மூச்சு ஓசையே இல்லை. நுரையீரல் வெடித்துக் காற்று கசிகிறது என்று நினைத்து, அந்தக் காற்றை எடுக்க ஊசி வரை எடுத்துவிட்டோம். பார்த்தால், தாடை நெஞ்சில் இடிக்கும்படி கழுத்து மடங்கியிருந்தது. குழாய் மூச்சுக்குழலின் வலது கிளைக்குள் இறங்கிவிட்டது. தலையை நேராக்கி, குழாயை அரை சென்டிமீட்டர் வெளியே இழுத்தோம். இரண்டு பக்கமும் ஓசை கேட்டது. குழாய் எவ்வளவு ஆழம் என்பதற்கு, கிலோ எடையோடு ஆறைக் கூட்டுங்கள்: ஒரு கிலோ குழந்தைக்கு உதட்டருகே 7 சென்டிமீட்டர். வண்டியிலிருந்து குழந்தையை இறக்கியதும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

சர்ஃபேக்டன்ட் கொடுத்ததும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவது இன்னொரு தவறு. மருந்து வேலை செய்தால் நுரையீரல் சில நிமிடங்களில் இளகும். பழைய அழுத்தமே தொடர்ந்தால் அதே அழுத்தத்தில் இரண்டு மடங்கு காற்றுகூட உள்ளே போகலாம். மூச்சின் அளவைப் பிடித்து வைக்கும் முறை இயந்திரத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் படுக்கை அருகிலேயே நின்று அழுத்தத்தைக் குறையுங்கள். மூச்சு அதிகமாகி ரத்தத்தில் கரியமில வாயு மிகவும் இறங்கிவிட்டால் மூளைக்கு ரத்த ஓட்டம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

“நூறு வரவில்லையே, தாயி?” என்று கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி ஒரு பாட்டி கேட்டார். பள்ளிக்கூடத்து மதிப்பெண் போலத்தான் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் மானிட்டரையும் பார்க்கிறோம். வெளியிலிருந்து ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் விழித்திரைக்கு ஆபத்து. மேல் எல்லை அலாரத்தை அணைத்து வைப்பது பெரிய குற்றம். சாதாரணக் காற்றிலேயே நூறு காட்டினால் கவலை இல்லை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கண் பரிசோதனை வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே.

மணிக்கணக்கு வைத்துச் சளி உறிஞ்சாதீர்கள். தேவைப்பட்டால் மட்டும் செய்யுங்கள்.

குழந்தை பிறப்பதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாயைப் பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ அவசரமாக ஏற்றி அனுப்பும்போது, குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசி விட்டுப்போகிறது. டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. நான்கையும் முடித்துவிட்டு அனுப்ப முடியாதுதான். முதல் ஊசியைப் போட்டு, போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி வண்டியில் ஏற்றுங்கள். மிச்சத்தை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.