கடலுக்குள் இறங்கிய கையோடு கொடைக்கானல் ஏறாதீர்கள்

மதுரையில் இருந்து இரண்டு நாள் லீவில் ராமேஸ்வரம், கொடைக்கானல் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறோம். பவளப்பாறை பார்க்க, காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங்கும் உண்டு என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மலை, அப்புறம் கடல்.

காரணம் சிலிண்டர் காற்றில் இருக்கும் நைட்ரஜன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு மூச்சு வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைவாக இருக்கும் கொடைக்கானலுக்கு, 2,100 மீட்டர் உயரத்துக்குப் போனால், கோலி சோடாவின் குண்டைத் தட்டிவிட்ட மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பலாம்.

விமானம் ஏறுவதற்கு டைவர்கள் வைத்திருக்கும் கணக்கு: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. மலைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். நான் 24 என்றே வைத்திருக்கிறேன். என் மச்சான் காலையில் டைவ், ராத்திரி கொடைக்கானலில் ரூம் என்று பதிவு செய்திருந்தார். வத்தலக்குண்டு போவதற்குள் பிடித்துத் திருப்பி வீட்டுக்கு அழைத்து வந்தேன். ரூம் பணம் போனதுதான், இன்னும் சொல்லிக்காட்டுகிறார். மதுரை தாழ்வான ஊர், இங்கே வருவதில் பிரச்சினை இல்லை.

டைவிங்குக்குப் பிறகு மூட்டு வலியோ மரமரப்போ வந்தால் நீச்சல் அலுப்பு என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். டாக்டரிடம் போய், டைவ் அடித்ததை முதலில் சொல்லுங்கள்.

சிலிண்டர் இல்லாமல் மேலாக மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.