காணி வாங்க முதல்: மெல்பேர்ன் மேற்கின் களிமண்

மெல்பேர்னில் கொஞ்சக் காலம் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்தக் காணி தேடும் நம்மவர்களில் பலர் கடைசியில் போய் நிற்பது டார்னீட், ட்ருகனைனா, வின்டம் வேல், மெல்டன் பக்கம்தான். விலை ஓரளவு கட்டுப்படியாகும். விளம்பரத் தாளில் காணியின் அகலம், நீளம், ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் எல்லாம் இருக்கும். மண்ணைப் பற்றி ஒரு வரியும் இராது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இந்த மேற்குச் சமவெளி எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய இடம். அந்தப் பசால்ட் பாறை உக்கி வந்த களிமண்தான் மேலே கிடக்கிறது. தமிழ்நாட்டுக் கரிசலை அறிந்தவர்களுக்கு இதன் குணம் உடனே பிடிபடும்: கோடையில் வாய் பிளக்கும், மழை பெய்தால் உப்பும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. நகரின் தென்கிழக்கே கடற்கரையோரம் பிரைட்டன், செல்ட்னம் பக்கம் மணல். அங்கே இந்தச் சிக்கல் குறைவு, விலைதான் சிக்கல்.

நிலம் முழுதும் ஒரே அளவில் உப்பினால் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் ஊறி மறுபக்கம் காய்ந்து கிடக்கும்போதுதான் ஸ்லாப் (வீட்டைத் தாங்கும் கொங்கிறீட் தளம்) வளைகிறது, சுவர் வெடிக்கிறது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய நீண்ட வரட்சி 2010 அளவில் முடிந்து மழை கொட்டியபோது, காய்ந்த களியின்மேல் கட்டிய பல புது வீடுகளில் ஸ்லாப்பின் ஓரங்கள் மேலெழும்பின. ஆகவே மண் எந்த ரகம் என்பதோடு, தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏ.எஸ். 2870 என்ற ஆஸ்திரேலிய நியமம், ஈரத்துக்கேற்ப நிலம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை வைத்துக் காணிகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. 'ஏ' என்றால் மணல் அல்லது பாறை, அசைவு இல்லை என்றே சொல்லலாம். 'எஸ்' 20 மில்லிமீற்றர் வரை அசையும். 'எம்' 40 வரை. 'எச்1' 60 வரை. 'எச்2' 75 வரை. அதற்கும் மேல் போனால் 'ஈ'. மேற்கில் 'எச்' வகுப்புகள் சர்வசாதாரணம், அதற்காகப் பயந்து ஓடத் தேவையில்லை. அத்திவாரம் அதற்கேற்றபடி தடிக்கும், செலவும் கூடும், அவ்வளவுதான். 'பி' என்று வந்தால் ஏன் என்று கேளுங்கள். மண் கொட்டி நிரப்பிய காணியாக இருக்கலாம், மென்மையான மண்ணாக இருக்கலாம், பெரிய மரம் நின்ற இடமாகவும் இருக்கலாம். நிரப்பிய காணி என்றால், எஞ்சினியரின் மேற்பார்வையில் படைபடையாக இறுக்கியதற்கான 'லெவல் 1' அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பிளானைப் பார்த்தே வாங்கும் காணியில், எங்கே வெட்டினார்கள், எங்கே நிரப்பினார்கள் என்ற விபரத்தை விற்பவர் தரவேண்டும். காணி கைமாறும் பத்திர வேலையைப் பார்க்கும் கொன்வேயன்சரிடம் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பில்டரிடம் பேசும்போது விளம்பர விலையில் மயங்க வேண்டாம். 'சைட் கொஸ்ட்' (காணியைக் கட்டுவதற்குத் தயார்படுத்தும் செலவு) என்ற தலைப்பில்தான் மண்ணும் பாறையும் வந்து உட்காரும். இந்தக் களிக்குள் பசால்ட் பாறாங்கற்கள் புதைந்து கிடப்பது வழக்கம். தோண்டியபின் அகற்றும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். விக்டோரியாவின் 1995ஆம் ஆண்டு வீட்டுக் கட்டுமான ஒப்பந்தச் சட்டப்படி, பெரிய ஒப்பந்தத்துக்குள் போக முதலே அத்திவாரத்துக்கான மண் தகவலைப் பில்டர் எடுத்திருக்க வேண்டும். “கையெழுத்து வையுங்கள், சொயில் ரெஸ்ட் பிறகு செய்யலாம்” என்று சொல்பவரிடம் அவசரப்படாதீர்கள்.

கட்டிய வீட்டை வாங்குகிறீர்களா? கதவு, யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைத் தேடுங்கள். மயிரிழை வெடிப்பு எங்கும் இருக்கும். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் எஞ்சினியர் பார்க்காமல் விலை பேசாதீர்கள். செங்கல் சுவரில் மேலிருந்து கீழாக நேராக விட்டிருக்கும் இடைவெளி வெடிப்பு அல்ல, அசைவுக்காக வேண்டுமென்றே விட்டது. ஏலத்தில் வாங்கினால் மனம் மாற அவகாசம் கிடையாது. ஏலமில்லாத விற்பனையில் மட்டும் பொதுவாக மூன்று வேலை நாட்கள் உண்டு. ஏலம் என்றால் பரிசோதனையை முதலே முடித்துவிடுங்கள்.

குடிபோனபின் தோட்டத்தில்தான் நம்மவர்கள் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். மிளகாயும் வெண்டியும் சமையலறைக்குக் கிட்ட இருக்கட்டும் என்று சுவரோடு ஒட்டிப் பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் விட்டால், அந்தப் பக்கக் களி மட்டும் உப்பும். சுவரிலிருந்து முதல் ஒரு மீற்றருக்குள் நிலம் 50 மில்லிமீற்றராவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். செங்கல் சுவரின் அடியில் இடைக்கிடை விட்டிருக்கும் சிறு துவாரங்களை மண்ணாலோ மரத்தூளாலோ மூடவேண்டாம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்கள் மழைநீர் வடிகாலோடு உண்மையிலேயே இணைந்திருக்கின்றனவா என்று ஒரு நல்ல மழைக்கு வெளியே நின்று பாருங்கள். மரம் என்றால், 'எச்' வகுப்புக் காணியில் அது வளரக்கூடிய உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வீட்டிலிருந்து தள்ளி நடுவது நல்லது. யூக்கலிப்டசை மறந்துவிடுங்கள். கறிவேப்பிலையைச் சாடியில் வையுங்கள், குளிருக்கு உள்ளே எடுக்கவும் வசதி.

களி இறுகிக் கிடந்தால் அதைத் தளர்த்த உடனே ஜிப்சம் தூள் மூடை வாங்குவது இங்கே ஒரு பழக்கம். அது எல்லாக் களிக்கும் பலன் தராது. காய்ந்த மண் கட்டி ஒன்றைக் கண்ணாடிக் கிளாசில் மழைத் தண்ணீருக்குள் மெதுவாகப் போட்டு அசையாமல் விடுங்கள். மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கியிருந்தால் ஜிப்சம் உதவும். தெளிவாக இருந்தால் கம்போஸ்டுக்குச் செலவழியுங்கள். ஈரக் களியை மட்டும் கொத்தவும் மிதிக்கவும் வேண்டாம், காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

ஃபூட்ஸ்கிரே, சன்ஷைன் போன்ற பழைய பகுதிகளில் வேறொரு கேள்வி உண்டு. 1970க்கு முந்திய வீடுகளின் பெயின்ற்றில் ஈயம் இருந்திருக்கலாம். ஈயம் கலந்த பெற்றோலும் 2002 வரை ஓடியது. அங்கே கீரையோ கிழங்கோ போட முதல் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை, வாங்கிய மண் நிரப்பிய பெட்டியில் பயிரிடலாம்.