‘நுட்பமான’ என்று எழுதும் முன்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருவோரின் படிகளைத் திருத்தும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வரிகளே திரும்பி வருவதுபோல் இருக்கிறது. றன்னகர, டண்ணகரக் குழப்பத்தை எந்தத் திருத்துநரும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். எளிதில் பிடிபடாத மெல்லிய தன்மைகளை ஆங்கிலத்தில் ‘சட்டில்’ (subtle) என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழாக்கும்போது நேரும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

எல்லா இடத்திலும் ‘நுட்பமான’

‘நுட்பமான மணம்’, ‘நுட்பமான சோகம்’, ‘நுட்பமான மாற்றம்’ என மூன்றையும் அண்மையில் ஒரே பக்கத்தில் பார்த்தேன். அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொள்வதால் வரும் பிழை இது. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் இதன் விலையை நான் அறிவேன்.

நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்றில், ‘தொடக்க அறிகுறிகள் நுட்பமானவை’ என்று எழுதியிருந்தேன். அச்சான பிறகு அதைப் படித்த ஒரு மூதாட்டி, “அதெல்லாம் மிஷின் வச்சுப் பாக்குறதுதானே தம்பி, நாங்க என்னத்தப் பாக்குறது?” என்று கேட்டார். எவர் தம் பாதத்தை நாள்தோறும் பார்க்க வேண்டுமோ அவரையே, இது மருத்துவரின் வேலை என்று என் சொல் ஒதுங்க வைத்துவிட்டது. ‘தொடக்கத்தில் வலி இல்லாமலே இருக்கலாம், உணர்ச்சி சிறிது சிறிதாக மங்கலாம், காலிலிருந்து செருப்பு நழுவுவதுகூடத் தெரியாமல் போகலாம்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்விட்ட தாள்களைத் திரும்பப் பெற வழியில்லை.

அந்த மூதாட்டி தவறாகப் படிக்கவில்லை. தமிழில் நுண்மை கூர்ந்த அறிவோடு சேர்ந்தே வழங்கி வந்திருக்கிறது. ‘நுண்ணியம் என்பார்’ என்று குறிப்பறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் (710) சொல்வது, தம்மை நுண்ணறிவினர் என்று கருதுவோரை. பிறர் சொல்லில் ‘நுண்பொருள்’ காண்பதையும் 424ஆம் குறள் அறிவு என்றே சொல்கிறது. ‘தொழில்நுட்பம்’ பரவிய பின் நுட்பம் என்றாலே கருவியும் பயிற்சியும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, எந்தப் புலனுக்கு எது எட்டவில்லை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: மணமானால் மெல்லிய மணம், சோகமானால் இழையோடும் சோகம், மாற்றமானால் சட்டென்று புலப்படாத மாற்றம், சொல்லாமல் உணர்த்தியதானால் குறிப்பு. சில இடங்களில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கிடைக்காது. அங்கே முழு வாக்கியமாக விரித்து எழுதத் தயங்க வேண்டாம்.

நுணுக்கத்தையும் நுட்பத்தையும் ஒன்றாக்குவது

நுணுக்கம் சின்னஞ்சிறு கூறுகளைப் பற்றியது. கோயில் தூணில் சங்கிலியின் கண்ணிகளைத் தனித்தனியே செதுக்கியிருப்பதைப் பார்த்தால் ‘என்ன நுணுக்கமான வேலை’ என்கிறோம். அந்த வேலை கண்ணில் படாதது அன்று, கண்ணைப் பிடித்து நிறுத்துவது. எளிதில் தெரியாததற்கு இச்சொல்லை இடுவது பொருளையே புரட்டிவிடும்.

சூட்சுமம்

சைவ சித்தாந்தத்தில், கண்ணுக்குத் தெரியும் தூல உடலுக்கு எதிரே கண்ணுக்குத் தெரியாததைச் சூக்கும (சூட்சும) உடல் என்பது பொருத்தமே. பேச்சு வழக்கிலோ ‘இந்தப் பூட்டைத் திறப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது’ என்றால் மறைவான உத்தி. ‘சூட்சுமமான சுவை’ என்று எழுதினால் சமையற்காரர் எதையோ ஒளிக்கிறார் என்றாகும்.

‘நுண் உயிரி’

நுண்ணுயிரி. பிரிக்காதீர்கள்.