அட்டையில் 150, காப்பியில் 15: பென் டிரைவ் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பென் டிரைவ் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி சார்?" இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இருக்காது. நாமும் 64-ஆ, 128-ஆ என்று ஒரு நிமிடம் யோசித்து, விலையைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். வேகம் என்று ஒன்று இருப்பதே வீட்டுக்கு வந்து கல்யாண வீடியோவை ஏற்றும்போதுதான் நினைவுக்கு வருகிறது. "இன்னும் 1 மணி 40 நிமிடம்" என்று திரை சொல்லும். அதற்குள் பில் எங்கே போனதென்றே தெரியாது.

ரீட் வேகத்தை ரைட் வேகம் என்று நம்புவது

இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான். அட்டையில் கொட்டை எழுத்தில் "வினாடிக்கு 150 எம்பி வரை" என்று போட்டிருப்பார்கள். அது டிரைவில் ஏற்கெனவே இருக்கும் கோப்பைக் கணினி படித்துக்கொள்ளும் வேகம். கோப்பை டிரைவுக்குள் ஏற்றும் வேகம் வேறு கதை. மலிவான டிரைவ்கள் பலவற்றின் அட்டையில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. பேசாமல் விட்டிருந்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இத்தனை வித்தியாசம் வருவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிப். இன்றைய டிரைவ்களில் ஒரு செல்லுக்குள், அதாவது தகவல் தங்கும் மிகச் சின்ன அறைக்குள், 3 பிட் அல்லது 4 பிட் தகவலை அடைக்கிறார்கள். 3 பிட் என்றால் அந்தச் செல்லின் மின்னூட்டத்தை 8 நிலைகளில் ஒன்றில் சரியாக நிறுத்த வேண்டும். 4 பிட் என்றால் 16 நிலை. படிக்கும்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்தால் போதும். எழுதும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சரிபார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். பழைய தகவல் கிடக்கும் இடமென்றால் முதலில் ஒரு பிளாக் (பல செல்கள் சேர்ந்த தொகுதி) முழுவதையும் அழித்தாக வேண்டும். கணினிகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் பல சிப்கள் ஒரே நேரத்தில் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும். மலிவு டிரைவில் ஒன்றோ இரண்டோதான். ஒரே மாடலில் 32 ஜிபியைவிட 256 ஜிபி வேகமாக எழுதுவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உறைக்கும். 50 ஜிபி வீடியோவை வினாடிக்கு 15 எம்பி வேகத்தில் ஏற்ற 55 நிமிடம் ஆகும். 100 எம்பி என்றால் எட்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 400 எம்பி என்றால் இரண்டே நிமிடம்தான்.

முதல் ஒரு நிமிடத்தைப் பார்த்து மார்க் போடுவது

புது டிரைவைச் செருகி ஒரு சினிமாவை இழுத்துப் போடுகிறோம். 90 எம்பி, 100 எம்பி என்று ஓடுகிறது. "பரவாயில்லையே" என்று நினைக்கும்போதே 40 ஆகி, 18 ஆகி, சில சமயம் பூஜ்யத்துக்குப் போய் நின்று, மறுபடி தள்ளாடி எழுந்து வரும். டிரைவ் கெட்டுப்போகவில்லை, அதன் சுபாவமே அதுதான். பல டிரைவ்கள் சிப்பின் ஒரு பகுதியைச் செல்லுக்கு 1 பிட் என்ற கணக்கில், அதாவது வேகமாக எழுதும் விதத்தில், ஒதுக்கி வைத்திருக்கின்றன. லாரியில் வந்த மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவைப்பது சட்டென்று நடந்துவிடும். திண்ணை நிறைந்தபின் குறுகிய வாசல் வழியாக உள்ளறைக்கு ஒவ்வொன்றாகத் தூக்கவேண்டிவரும். அதே நிலைமைதான் இங்கும். சின்ன உலோக உடம்பில் சூடேறினாலும், டிரைவை இயக்கும் கண்ட்ரோலர் சிப் வேகத்தைக் குறைத்துவிடும்.

வேகச் சோதனைப் படங்களை நான் அவ்வளவாக நம்பாததற்கும் காரணம் இதுவே. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் நல்ல மென்பொருள்தான். ஆனால் மாற்றாமல் விட்டால் 1 ஜிபி கோப்பை வைத்துத்தான் சோதிக்கும். அந்த 1 ஜிபியும் திண்ணையிலேயே அடங்கிவிடலாம். இரண்டு டிரைவ்களை ஒப்பிட வேண்டுமென்றால், நீங்கள் அன்றாடம் ஏற்றும் மாதிரியான 20 அல்லது 30 ஜிபி ஃபோல்டரை இரண்டிலும் ஏற்றி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். கணினியும் போர்ட்டும் ஃபோல்டரும் மாறக் கூடாது. முக்கால்வாசி நிறைந்த பழைய டிரைவையும் காலியான புது டிரைவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் நியாயமில்லை.

ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 4 ஜிபி வீடியோ ஒன்றும், மொத்தமாக 4 ஜிபி வரும் இருபதாயிரம் சின்னக் கோப்புகளும் ஒன்றல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, இடம் என்று தனியாக எழுத வேண்டியிருப்பதால் வேகம் 1 எம்பிக்கும் கீழே போவதுண்டு. ஆபீஸ் பேக்கப், வெப்சைட் ஃபோல்டர் போன்றவற்றைக் கணினியிலேயே ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவிட்டு ஏற்றினால் எந்த டிரைவிலும் நேரம் மிச்சமாகும்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. 2 ஜிபி கோப்பு மூன்று வினாடியில் ஏறிவிட்டதாகக் காட்டினால் டிரைவைப் பாராட்டவேண்டாம். அது ராம் நினைவகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. டெர்மினலில் சிங்க் கட்டளை கொடுத்து, அது முடியும்வரை ஆகும் நேரத்தையும் சேர்த்தால்தான் உண்மைக் கணக்கு.

'3.2' என்ற எண்ணுக்குப் பணம் கொடுப்பது

யூஎஸ்பி 3.0 வந்தது 2008-ல். அதே 5 ஜிகாபிட் வேகத்துக்குப் பின்னால் 3.1 ஜென் 1 என்று பெயர் வைத்தார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். பெயர் மூன்று, சரக்கு ஒன்றுதான். ஆகவே 3.0 என்று எழுதிய டிரைவை விட்டுவிட்டு, 3.2 ஜென் 1 என்று எழுதிய டிரைவுக்குக் கூடுதல் பணம் தருவதில் அர்த்தமில்லை. ஜென் 2 என்று இருந்தால் மட்டும் 10 ஜிகாபிட். அதுவும் இணைப்பின் உச்சவரம்புதான். உள்ளே இருக்கும் சிப் 15 எம்பியில் எழுதினால் வரம்பு எவ்வளவு இருந்து என்ன?

பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்வதும் இதோடு சேர்த்தி. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். யூஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். நடைமுறையில் 30 முதல் 40 வரை கிடைத்தாலே நல்லது.

டிரைவ் நல்லதாகவே இருந்தும் போர்ட் காலை வாரிவிடுவதுண்டு. பழைய டெஸ்க்டாப்களின் முன்பக்கப் போர்ட், கீபோர்டில் இருக்கும் போர்ட், மலிவு ஹப் எல்லாம் 2.0 ஆக இருக்கலாம். நீல நிறம் ஒரு அடையாளம்தான், கட்டாயமில்லை. செவ்வக வாய் டிரைவின் உலோக முனைக்குள் எட்டிப் பாருங்கள்: 2.0 டிரைவில் நான்கு தகடுகள் மட்டும் இருக்கும், 3.0 என்றால் இன்னும் ஐந்து தொடுமுனைகள் சேர்ந்து மொத்தம் ஒன்பது. செருகும்போது முதலில் படுவது பழைய நான்கு. அதனால் மெல்ல மெல்லத் தள்ளினால் கணினி அதை 2.0 டிரைவ் என்று முடிவுகட்டி, அந்த வேகத்திலேயே நிறுத்திவிடலாம். திடீரென்று 35 எம்பியைத் தாண்ட மறுத்தால், பிடுங்கிவிட்டு ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள். போனிலும் இதே கதைதான். டைப்-சி ஓட்டை இருந்தாலே வேகம் என்று பொருளில்லை. ஐபோன் 15-இன் டைப்-சி போர்ட் 2.0 வேகம்தான், 15 ப்ரோவில்தான் 10 ஜிகாபிட்.

ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பார்ப்பது

காரில் பாட்டு கேட்கவும், ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப் கொண்டுபோகவும் வேகமே தேவையில்லை. நல்ல கம்பெனியின் மலிவான 32 ஜிபி போதும். கார் ஸ்டீரியோ, பழைய டிவி பலவும் ஃபேட்32 என்ற ஃபார்மட் முறையைத்தான் படிக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்ற முடியாது. "இடம் இருக்கிறது, ஆனாலும் ஏறமாட்டேன் என்கிறது" என்ற புகாருக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணம். டிவி ஏற்றுக்கொண்டால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிடலாம்.

வாரம் இரண்டு முறை 50 ஜிபி ஏற்றி இறக்கும் வீடியோ எடிட்டருக்கோ ஸ்டுடியோக்காரருக்கோ கணக்கு வேறு. ஜிபிக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது நஷ்டம். அவர்கள் போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்கலாம். சட்டைப் பைக்குள் அடங்கும் வடிவமே வேண்டுமென்றால் எஸ்எஸ்டி வகைக் கண்ட்ரோலர் உள்ள டிரைவ்கள் வந்துவிட்டன. கிங்ஸ்டன் டேட்டாடிராவலர் மேக்ஸ் மாதிரியானவற்றில் 1000 எம்பி ரீட், 900 எம்பி ரைட் என்று தயாரிப்பாளரே இரண்டையும் சொல்கிறார். எண் நடைமுறையில் குறையலாம், ஆனால் ரைட் வேகத்தை வெளியே சொல்லத் துணிவதே ஒரு நல்ல அறிகுறி.

மெமரி கார்டுகளுக்கு இந்த விஷயத்தில் ஓரளவு கடிவாளம் உண்டு. வி30 முத்திரை இருந்தால், கேமராவில் வினாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்று உறுதி. பென் டிரைவுக்கு அப்படியொரு முத்திரை கிடையாது. வி30 மைக்ரோ எஸ்டி கார்டும் நல்ல 3.0 ரீடரும் சேர்த்து வாங்குவது பல மலிவு டிரைவ்களைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

2 டிபி, சில நூறு ரூபாய்!

64 ஜிபி டிரைவில் 59 ஜிபிக்குக் கீழே காட்டுவது மோசடியில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. மிச்சம் ஃபார்மட்டுக்குப் போகிறது. மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் 2 டிபி (அதாவது 2000 ஜிபி) டிரைவைத் திறந்தால் உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப் இருக்கும். கணினி கேட்டால் "2 டிபி" என்று பொய் சொல்லும்படி கண்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் வருகிற தகவல் காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். கோப்பின் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரியும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும். பிராண்டு பெயரிலும் போலி வருவதால், தெரிந்த பெயர் என்பது மட்டும் போதாது.

அதனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மன் கணினி இதழ் ஒன்று வெளியிட்டது. திறந்ததும் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். லினக்ஸில் எஃப்3. இரண்டும் டிரைவ் முழுவதையும் நிரப்பி, பிறகு எழுதியது அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். வெகுநேரம் ஆகும், 15 எம்பியில் எழுதும் 128 ஜிபி டிரைவை நிரப்பவே இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் எச்2டெஸ்ட்டபிள்யூ தரும் ரிப்போர்ட்டில், பிழை இல்லை என்ற வரிக்குக் கீழே சராசரி ரைட் வேகமும் ரீட் வேகமும் இருக்கும். முழு டிரைவையும் நிரப்பி எடுத்த எண் என்பதால் அட்டையில் அச்சிட்டதைவிட இதை நம்பலாம். சோதனைக்கு எழுதிய 1 ஜிபி கோப்புகள் உள்ளேயே கிடக்கும். அவற்றை அழித்துவிட்டு டிரைவைப் பயன்படுத்தத் தொடங்கலாம்.